லோஹேகாவ்காரரைப் பார்க்க அயர்லாந்து போனேன்

லோஹேகாவில் குடியிருக்கும் ஒரு மனிதரைப் பார்ப்பதற்காக நான் தேஹு ரோட்டிலிருந்து அயர்லாந்துக்குப் போனேன்.

பூனாவைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட கிறுக்குத்தனம் என்று விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேஹு ரோடு ஊரின் இந்தக் கோடி, லோஹேகாவ் அந்தக் கோடி. நடுவில் இருப்பது டிராஃபிக் மட்டும்தான். காலையில் பொஹா என்கிற அவல் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், போய்ப் பேசிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இன்னும் கேளுங்கள், பூனாவில் விமானம் ஏறுவதே லோஹேகாவ் ஏர்போர்ட்டில்தான். நாங்கள் போன டாக்சி அந்த மனிதரின் தெருமுனையைத் தாண்டித்தான் போனது.

"ரெண்டு மாசம் முன்னாடி இங்க வந்து ஒரு வாய் டீ குடிச்சிருந்தா, எனக்கு இந்த ஸ்வெட்டர் கருமமெல்லாம் தேவைப்பட்டிருக்காது" என்றாள் என் மனைவி சரோஜா. மே மாசத்து வெயிலில் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்கதான் வரணும்" என்றேன் நான்.

அவங்க என்றால் ஜாதவ். ஏர்ஃபோர்ஸில் ரிடையர் ஆனவர். அவர் மகன் ரோஹித்தும் என் மகள் நிவேதாவும் டப்ளினில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் பிடித்துப்போய் ரெண்டு வருஷம் ஆகிறது. மராத்திப் பையன் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத்தின் ஆர்ட்னன்ஸ் டெப்போ வேலைக்கு வந்தவர், நான் அதே டெப்போவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன். தூக்கத்தில் நான் உளறுவதே பாதி மராத்திதான் என்று சரோஜா சொல்வாள். ஜாதவ் வீட்டிலும் தமிழ்ப் பெண் என்று யாரும் முகம் சுளிக்கவில்லையாம். பிறகு எங்கே இடித்தது என்றால், எங்கள் பக்கம் பையன் வீட்டார்தான் பெண் கேட்டு வர வேண்டும். ஜாதவ் வரவில்லை. நானாகப் போய் நின்றால், பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைக்க மாட்டாரா? இந்த யோசனையிலேயே ரெண்டு வருஷமும் ஓடிப்போயிற்று.

இப்போது ரோஹித்தை அடுத்த மாசம் கனடாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமானால் நிவேதாவும் சேர்ந்து போவாள். இல்லையென்றால் அவன் மட்டும் போக வேண்டியது, அதற்கப்புறம் கடவுள் விட்ட வழி. பெரியவர்கள் சொல்லாமல் பண்ணிக்கொள்வதில்லை என்று ரெண்டு பேரும் உறுதியாக இருந்தார்கள். "ரெண்டு அப்பாவும் வாயைத் திறந்து சொல்லணும் நா" என்றாள் நிவேதா போனில். பூனாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் வாக்கியத்துக்கு மராத்தி வால் வைப்பாள். "ஊர்ல ரெண்டு பேரும் நகர மாட்டேங்கறீங்க. இங்க வாங்க. இங்க யாருக்கும் வீடு இல்ல, யாரும் யார் வீட்டுக்கும் போனதா ஆகாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

போன அன்று ராத்திரி நிவேதாவின் ஃபிளாட்டில் சாப்பாடு. ஜாதவ் தம்பதி வந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, கம்பி மாதிரி முதுகு. வாசலில் நின்று "ஆப் பெஹலே" என்றார். அவர் விருந்தாளி, நான் எப்படி முன்னால் போவது? "நீங்க முதல்ல" என்றேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றோம், குளிர் காற்று வீட்டுக்குள் நிறைந்தது. கடைசியில் ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் நுழைந்து தோளில் இடித்துக்கொண்டோம்.

சாப்பிடும்போது மெட்ரோ பற்றிப் பேசினோம். ஔந்தில் பாலத்தை இடித்துத் திரும்பக் கட்டுவது பற்றி, சொசைட்டிக்குத் தண்ணீர் டேங்கர் வராதது பற்றி, மழை பற்றிப் பேசினோம். அயர்லாந்தில் உட்கார்ந்து பூனாவின் குழிகள் எல்லாவற்றையும் அலசி முடித்தோம். ஜாதவின் மனைவியை நாங்கள் வஹினி என்று கூப்பிட்டோம், மராத்தியில் அண்ணி என்று அர்த்தம். வஹினி சரோஜாவின் புளியோதரையை ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிவேதாவையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் பேச்சு நிற்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன், இப்போது கேட்பார் என்று. ஜாதவும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு "மழை அதிகம்தான்" என்பார். "ஆமாம்" என்பேன்.

அவர்கள் போனதும் "பாத்தியா, என்ன தலைக்கனம்" என்றேன் சரோஜாவிடம்.

மறுநாள் ரோஹித்தின் அறையில் மிசல், மராத்திக்காரர்களின் காரமான பயறுக் குழம்பு. ஐரிஷ் பன்னைத் தொட்டுக்கொண்டு மிசல் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை, மோசமில்லை. பேச்சு வெங்காயத்தில் ஆரம்பித்து வெங்காயத்தில் முடிந்தது. நிவேதா அடுக்களையில் போய் ரோஹித்திடம் ஏதோ கிசுகிசுத்தாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. ஆனாலும் எனக்குப் பேச வாய் வரவில்லை. கேட்க வேண்டியது நானில்லையே?

ரூமில் உட்கார வைத்தால் பேச மாட்டார்கள், வெளியே கூட்டிப் போனால் பேசுவார்கள் என்று பிள்ளைகள் முடிவு கட்டினார்கள். டப்ளினுக்கு வடக்கே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு தீபகற்பம் இருக்கிறது, பெயர் ஹோத். அதைச் சுற்றிப் பார்க்க மின்சார சைக்கிள், கூடவே ஒரு கைடு. பெண் கேட்கும் சம்பிரதாயத்தை சைக்கிள் மேல் வைத்துக்கொண்டவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

போகும் ரயிலிலேயே கூத்து ஆரம்பித்தது. ரயில் வந்து நின்றது, கதவு திறக்கவில்லை. அதில் ஒரு பொத்தானை நாமே அழுத்த வேண்டுமாம். ரோஹித் அழுத்தினான், பிள்ளைகளும் பெண்களும் ஏறிவிட்டார்கள். நான் ஜாதவுக்குக் கையைக் காட்டினேன். அவர் எனக்குக் கையைக் காட்டினார். "இல்ல, நீங்க." "நஹி நஹி, ஆப்." கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தபடியே நாங்கள் நிற்க, ரயில் போய்விட்டது. தேஹு ரோடு ஸ்டேஷனில் லோகல் வந்தால் மரியாதைக்கெல்லாம் நேரமே கிடையாது, முழங்கையை வைத்து ஒரு தள்ளு, உள்ளே. அங்கே இருவருமே சரியாக ஏறியிருப்போம். அடுத்த ரயில் வரும் வரை பெஞ்சின் ரெண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம். "ரயில் நேரத்துக்கு வருது" என்றார் ஜாதவ். "ஆமாம், நேரத்துக்குப் போயிடுது" என்றேன்.

ஹோத் துறைமுகத்தில் கைடு காத்திருந்தாள். மேவ் என்று பெயர். நரைத்த முடி, ஆட்டுக்கால் மாதிரி உறுதியான கெண்டைக்கால், எல்லாவற்றுக்கும் "கிராண்ட்" என்று ஒரு சொல். மழை தூறியது, கிராண்ட். நாங்கள் தாமதமாக வந்தது, கிராண்ட். முதலில் பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கூச்சப்பட்டேன். பரவாயில்லை என்பதற்கே அங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று ரோஹித் விளக்கினான்.

"நீங்க எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டாள் மேவ்.

நிவேதா என்னைப் பார்த்தாள். ரோஹித் அவன் அப்பாவைப் பார்த்தான்.

"நாங்க பூனா. அவங்களும் பூனா" என்றேன்.

"ஓ, பக்கத்து வீட்டுக்காரங்களா?"

"இல்லை."

"அப்ப சிநேகிதங்க."

"இன்னும் இல்லை" என்றார் ஜாதவ்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் தமாஷாகத்தான் சொன்னார் என்று இப்போது தெரியும். அப்போது, யூனிஃபார்ம் போட்டவருக்கு டெப்போ சிவிலியன் என்றால் இளக்காரம்தான் என்று மனசுக்குள் வைதுகொண்டேன். மேவ் "கிராண்ட்" என்றாள்.

சரோஜாவுக்கும் வஹினிக்கும் சைக்கிள் விடத் தெரியாது. அவர்களுக்காக மூன்று சக்கர வண்டி ஒன்று வந்தது. முன்னால் ஒரு மரப்பெட்டி, அந்த ஊரில் அதில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார்களாம். அதில் இரண்டு புடவை கட்டிய அம்மாக்களை எதிரும் புதிருமாக, முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார வைத்து, மழைக்காக மேலே பிளாஸ்டிக் கூடாரத்தையும் மூடி ஜிப் போட்டார்கள். மிதிப்பது ரோஹித். "பெட்டிக்குள்ள வசதியா?" என்று மேவ் கேட்டாள். உள்ளே ஏற்கெனவே உருளைக்கிழங்கில் செய்த சிவடா மிக்சர் டப்பா திறந்தாகிவிட்டது.

எனக்குக் கொஞ்சம் எகத்தாளமாகவே இருந்தது. வேலைக்காலம் பூரா டெப்போவுக்கு சைக்கிளில் போனவனுக்குக் கைடா? மேவ் சொல்லிக்கொண்டிருந்தாள், இதில் மூன்று வேகம் இருக்கிறது, ஈகோ, டூர், டர்போ, பெடலை மெல்லத் தொட்டாலே வண்டி தள்ளிக்கொண்டு போகும், முதலில் ஸீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பெடலில் கால் வைக்க வேண்டும் என்று. அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

நம் ஊரில் ஆண்பிள்ளை சைக்கிள் ஏறுவது எப்படி? இடது காலை பெடலில் வைத்து, வலது காலால் தரையை ரெண்டு மூன்று எத்து எத்தி, வண்டி ஓட ஆரம்பித்ததும் வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போடுவான். நான் அப்படித்தான் ஏறினேன். வண்டி டர்போவில் இருந்தது. இடது காலில் என் எடை முழுவதும் விழுந்த நொடியில் அந்தச் சைக்கிள், பின்னால் நாய் துரத்துவது போலப் பாய்ந்தது. ஒரு கால் பெடலில், ஒரு கால் ஆகாயத்தில், நான் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே துறைமுகத்து மேடையில் போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்தவர் கூடையை நகர்த்திக்கொண்டார். நண்டு பிடிக்கும் கூண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அந்தக் குவியலில் போய் நின்றேன். தண்ணீரிலிருந்து ஒரு கடல்நாய் தலையை நீட்டி என்னை நிதானமாகப் பார்த்தது.

ஜாதவ் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் பல் தெரிந்தது அப்போதுதான். "இப்படியா ஏறறது?" என்ற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, இடது காலை பெடலில் வைத்து, வலது காலால் ரெண்டு எத்து எத்தினார். லோஹேகாவில் மட்டும் வேறு மாதிரியா ஏறுவார்கள்? அடுத்த நிமிஷம் அவரும் என் பக்கத்துக் கூண்டில் இருந்தார்.

"கிராண்ட்" என்றாள் மேவ். ஆனால் இந்தத் தடவை அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மலைப்பாதையில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக வேண்டும் என்பது சட்டம். மேவ் முதலில், மூன்று சக்கர வண்டி அவளுக்குப் பின்னால், கடைசியில் நிவேதா. நடுவில் நானும் ஜாதவும், யார் முன்னால் போவது? நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவரும் ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் நின்ற நிவேதா, "அப்பா, ப்ளீஸ், யாராவது போங்க நா" என்றாள். மேவ் வளைவுக்கு அந்தப் பக்கம் போய், ஆட்களைக் காணோமென்று திரும்பி வந்து பார்த்துவிட்டு, ஜாதவின் சைக்கிளைக் கையால் பிடித்து எனக்கு முன்னால் நிறுத்தினாள். அவமரியாதை அவர் பக்கத்தில் விழவில்லை, என் பக்கத்திலும் விழவில்லை. வெள்ளைக்காரி செய்ததாகப் போயிற்று.

அந்த ஊர் அழகைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாவம். ஒரு பக்கம் மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூத்த முட்புதர், அதில் தேங்காய் எண்ணெய் வாசனை வருகிறது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், சரோஜாவும் மோந்து பார்த்தாள். இன்னொரு பக்கம் நேர் கீழே கடல். தொலைவில் ஒரு பாறைமுனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். வெயில் வரும், கையுறையைக் கழற்றுவதற்குள் மழை வரும், கோட்டு ஜிப்பைப் போடுவதற்குள் திரும்ப வெயில் வரும். பூனா மழை வந்தால் வந்ததுதான், ஜூனில் ஆரம்பித்தால் கணபதி பண்டிகை வரை ஒரே பேச்சு. இங்கே வானத்துக்கே ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை. நாங்கள் போனதற்குப் பொருத்தமான ஊர்தான்.

ஏற்றத்தில் ரோஹித் முக்கி முனகிக்கொண்டு மிதித்தான். மின்சாரம் உதவுகிறது என்றாலும் ரெண்டு அம்மாக்கள் லேசான சாமானில்லை. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சரோஜாவின் வாய் அசைவது தெரிந்தது, பிறகு வஹினியின் வாய். சத்தம் வெளியே வரவில்லை. கை நீட்டி எதையோ அளந்து காட்டினார்கள். ஒருதரம் வஹினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருதரம் ரெண்டு பேரும் சேர்ந்து எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

உச்சியில் மேவ் வண்டிகளை நிறுத்தி, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். வஹினிக்கு அன்று உபவாசம். பிஸ்கெட் வேண்டாம் என்றாள். ஆனால் உருளைக்கிழங்கு வறுவல், வேர்க்கடலை, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜவ்வரிசி கிச்சடி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "நீங்க பட்டினி விரதம்னு சொன்னதா நினைச்சேன்" என்றாள் மேவ். "ஆமாம், அதான்" என்றாள் வஹினி வறுவலை நீட்டி. மேவ் ஒன்று எடுத்துக்கொண்டு, நானும் இந்த விரதத்தில் சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

சரோஜா என் கோட்டுக் கையைப் பிடித்து முட்புதருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்க மூளையை டெப்போலயே ஒப்படைச்சிட்டு வந்துட்டீங்களா?"

"என்னடி?"

"அவங்க பக்கத்துல பொண்ணு வீட்டுக்காரங்கதான் முதல்ல பையன் வீட்டுக்குப் போய்ப் பேச்சை எடுக்கணுமாம். அதான் வழக்கமாம். ரெண்டு வருஷமா அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை ஆனா சட்டையை மாட்டிக்கிட்டு உங்களுக்காக உக்காந்திருக்காராம். வஹினி ஒவ்வொரு வாரமும் கூடுதலா பொஹா பண்ணி வெச்சிருக்கா. மெட்ராஸ்காரனுக்கு என்ன திமிருன்னு வீட்டில ஒரே புலம்பலாம்."

மராத்திக்காரர்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்து, அவர்கள் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்து எத்தனை ஜிலேபி தின்றிருப்பேன். யார் முதலில் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. சாப்பாடு தயாராகிவிட்டதா என்பதுதான் என் கேள்வியாக இருந்திருக்கிறது.

எட்டிப் பார்த்தேன். இன்னொரு புதருக்குப் பின்னால் வஹினி ஜாதவிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஜாதவின் கம்பி முதுகு மெதுவாக வளைந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

மேவ் விசில் ஊதினாள். ஹெல்மெட் மாட்டி, இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் முடிவு செய்தேன். வழக்கம் என்ன பெரிய வழக்கம், அவர்கள் முறைப்படி நானே கேட்டுவிடுகிறேன், ரெண்டு வருஷம் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா? அதுவும் உடனே, சமவெளிக்கு இறங்கினால் திரும்ப வெங்காயத்துக்குப் போய்விடுவோம்.

முன்னால் ஜாதவ் போய்க்கொண்டிருந்தார். டர்போவை அழுத்தினேன். "ஜாதவ் சாப், நில்லுங்க" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, மலையிலிருந்து நான் பாய்ந்து வருவதைப் பார்த்தவருக்கு, எனக்கு பிரேக் பிடிக்கவில்லை என்று தோன்றியதாம். வழிவிடப் பாதையில் இடமில்லை. ஆகவே அவரும் டர்போவைப் போட்டுவிட்டார். அவர் வேகமெடுக்க, நான் வேகமெடுக்க, பாதை கொஞ்சம் அகலமான இடத்தில் மூன்று சக்கர வண்டியைத் தாண்டினோம். பிளாஸ்டிக்குக்குள் ரெண்டு முகம் அப்படியே எங்களோடு திரும்பியது. வளைவில் மேவ் கையை நீட்டி "இடது பக்கம்" என்று நின்றுகொண்டிருந்தாள். ரெண்டு பேரும் அவளைத் தாண்டி நேராகப் போய்விட்டோம். இந்தத் தடவை அவள் கிராண்ட் என்று சொல்லவில்லை.

நாங்கள் நேராகப் போய் நுழைந்த சந்து ஒரு வயல் கேட்டில் முடிந்தது. ஜாதவ் காலை ஊன்றி நின்றார். நான் அவர் பின்சக்கரத்தில் லேசாக மோதி நின்றேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரை நின்று புல் மென்றுகொண்டிருந்தது.

"பிரேக்?" என்றார்.

"பிரேக் சரியா இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன், இந்தியில், மூச்சு வாங்க.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "நான்தான் கேக்கணும். உங்க முறை அதானாமே."

"இல்ல சாப், உங்க முறைப்படி நான்தான்."

"உங்க முறைதான் பெருசு. நீங்க பொண்ணைப் பெத்தவர்."

"அதெல்லாம் இல்ல, நான் கேக்கறேன்."

"நஹி, நான்."

ரெண்டு வருஷமாக யார் கேட்பது என்று முறைத்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது யார் கேட்பது என்று சண்டை போட்டோம். குதிரை மெல்லுவதை நிறுத்திவிட்டது. விட்டால் அங்கேயே ராத்திரி ஆகியிருக்கும். ஜாதவ் சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கால்களைச் சேர்த்து, விறைப்பாக நின்றார். எப்போதோ தாம்பரத்தில் போஸ்டிங்கில் இருந்தாராம். கறிகாய்க் கடையில் கற்றுக்கொண்ட தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதை வைத்துக் கேட்டார்.

"சார், பொண்ணு குடு."

அரைக் கிலோ தக்காளி கேட்பது போலத்தான் இருந்தது. சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

கேட்கட்டும், கேட்கட்டும் என்று ரெண்டு வருஷம் ஒற்றைக் காலில் நின்றேன். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அந்தக் கேட் பக்கத்தில்தான் உறைத்தது. அவர் எப்படிக் கேட்பார், நான் எப்படி உட்கார்ந்திருப்பேன், எத்தனை நேரம் யோசிப்பது போல் பாவனை செய்வேன் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். பதிலை மட்டும் நினைத்துப் பார்த்ததே இல்லை. என் மூக்குக்கண்ணாடி நனைந்து, எதிரே ஜாதவ் கலங்கலாகத் தெரிந்தார். ஒரே பெண். வீட்டுக்கு வந்தால் செருப்பை நடுக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகும், நான் கத்துவேன். இனிமேல் அந்தச் செருப்பு எந்தக் கூடத்திலோ கிடக்கும்.

ஜாதவ் பயந்துவிட்டார். "தப்பா சொல்லிட்டேனா?" என்று இந்தியில் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். ஆமாம் என்றும் தலையாட்டினேன். ஹெல்மெட் கண் வரைக்கும் வழுக்கி இறங்கியது.

"வாயால சொல்லணும் பாய் சாப்" என்றார் மெதுவாக. "பசங்க கண்டிஷன் போட்டிருக்காங்க." என் சைக்கிள் சாயப் போயிற்று, அவர்தான் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் அவர் சைக்கிள், ஒரு கையில் என் சைக்கிள், அக்குளில் ஹெல்மெட். அவசரமே இல்லாதவர் போல அப்படியே நின்றார்.

"குடுத்துட்டேன்" என்றேன். தமிழில்தான் வந்தது.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். நிவேதா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, சண்டை போட்டீங்களா?"

"இல்லம்மா. கேட்டார். சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"குடுத்துட்டேன்னு."

ஹெல்மெட் வாரை என்னால் கழற்ற முடியவில்லை, அவள்தான் தாடைக்குக் கீழே கையை விட்டுக் கழற்றினாள். என் கண்ணாடியை எடுத்துத் தன் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ காய்ந்துவிட்டது. பின்னால் ரோஹித் அவன் அப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தான், ரெண்டு சைக்கிளும் கீழே விழுந்து கிடந்தன. விவரம் புரியாத மேவ், இங்கே யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று சக்கர வண்டியில் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக்கை விலக்கிக்கொண்டு வஹினி தலையை நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர். கையை நீட்டி, "நிவேதா, யே பாளா" என்று கூப்பிட்டாள். வா கண்ணு என்று அர்த்தம்.

நிவேதா கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி, "ஆலே" என்றாள். வந்துட்டேன் என்று அர்த்தம். அப்படிச் சொல்லிக்கொண்டே என் பக்கத்திலிருந்து போனாள்.